உள்ளங்கை அறிந்த நெளிவு

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துக் கோலப் போட்டிக்கு என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற மனிதர், சும்மாதானே இருக்கிறார் என்ற துணிச்சல்தான்! கோலத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? விஷயம் கேட்டு என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

போட்டியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி சிக்குக் கோலம் போட்டிருந்தாள். புள்ளிகளை வரிசையாக வைத்து, ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல், அவற்றைச் சுற்றிச் சுற்றிக் கோடு போயிருந்தது. நடுவர் ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, "புள்ளியைத் தொடவே இல்லையே அம்மா, பிறகு எதற்குப் புள்ளி?" என்று கேட்டேன். அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "தொடறதுக்கு இல்லை தாத்தா. கோடு எங்கே வளையணும்னு சொல்றதுக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஒரு வாக்கியத்தை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்குப் புனேயில் பல ஆண்டுகள் பிடித்தன. அதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு முறை பெரிய அவமானத்தின் விளிம்புவரை போய்த் திரும்பியும் இருக்கிறேன். இதழாசிரியரிடம் இதைச் சொன்னபோது, "எழுதிக் கொடுங்களேன்" என்றார். எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு மூன்று எண், வளைவுக்கு எத்தனை?

கோவையில் டிப்ளமோ முடித்து 1981-ல் புனே வந்தவன் நான். போசரித் தொழிற்பேட்டையில் வேலை. பிளாஸ்டிக் சாமான்களுக்கு மோல்டு, அதாவது அச்சு, வடிவமைக்கும் பணி. 2018-ல் ஓய்வு பெறும்வரை அதே தொழில்தான்.

ஒரு பெட்டியை எப்படி வரையறுப்பது? நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்களைச் சொன்னால் போதும். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அதே பெட்டியைச் செய்துவிடுவார். வாஷருக்கும் அப்படியே: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். ஆனால் ஸ்கூட்டரின் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் மூடியை நினைத்துப் பாருங்கள். அதில் நேர்கோடும் கிடையாது, வட்டமும் கிடையாது. மூக்குப் பக்கம் குவிந்து, கன்னத்தில் தணிந்து, கைப்பிடியருகே மறுபடி மேலேறிப் போகும். அதை எந்த எண்களால் சொல்வது?

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இதற்கு ஒரு வழி இருந்தது. வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்குவது போல, அந்த மூடியை 25 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாகக் கற்பனை செய்து, ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் டிராயிங் போர்டில் வரைவோம். அதைத் தகரத்தில் வெட்டி டெம்ப்ளேட் செய்வார்கள். பேட்டர்ன் ஷாப்பில் ஆசாரி மரத்தைச் செதுக்கி, ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் பொருந்தும்வரை இழைப்பார். இரண்டு டெம்ப்ளேட்டுகளுக்கு நடுவே உள்ள 25 மில்லிமீட்டரில் என்ன வடிவம் என்று வரைபடம் சொல்லாது. அதை ஆசாரியின் கைதான் சொல்லும்.

கப்பல் கட்டுகிறவர்களுக்கும் இதே சங்கடம் பழைய நாளிலிருந்தே உண்டு. அவர்கள் கப்பலின் கோடுகளை முழு அளவில் வரைவதற்கு விசாலமான இடம் தேடி, கட்டடத்தின் மச்சில் தரை முழுக்க வரைந்தார்கள். வளையக்கூடிய மெல்லிய மரச் சட்டத்தை எடுத்து, வேண்டிய இடங்களில் ஈயக் கட்டிகளை வைத்து அழுத்திப் பிடித்தால், நடுவில் அது தன் இயல்பிலேயே அழகாக வளைந்து கிடக்கும். அந்தச் சட்டத்தின் பெயர் ஸ்ப்லைன். மச்சுக்கு ஆங்கிலத்தில் லாஃப்ட். இன்றும் கம்ப்யூட்டரில் வளைகோடு வரையும் கட்டளை ஸ்ப்லைன்தான். பல வெட்டுமுகங்களை இணைத்து மேற்பரப்பு செய்யும் கட்டளை லாஃப்ட்தான். மச்சு போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

வளைவை எண்ணாக்கும் வித்தையைக் கார் தொழிலுக்குக் கொண்டுவந்தவர்கள் இருவர். சித்ரோயன் கார் நிறுவனத்தில் இருந்த பால் த காஸ்தல்ஜோ என்ற கணித வல்லுநர் 1959-ல் ஒரு முறையைக் கண்டார். நிறுவனம் அதைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டது. போட்டி நிறுவனமான ரெனோவில் பியேர் பெசியே என்ற பொறியாளர் 1960-களில் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் வெளியுலகுக்குச் சொன்னார். ஆகவே அந்த வளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. பெசியே 1999-லும் த காஸ்தல்ஜோ 2022-லும் காலமானார்கள்.

அந்த வித்தையை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வரைபடத் தாளிலேயே செய்து பார்க்கலாம். நான்கு புள்ளிகள் வையுங்கள்: (0,0), (0,8), (8,8), (8,0). வரிசையாகச் சேர்த்தால் மூன்று கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகள் (0,4), (4,8), (8,4). இவற்றைச் சேர்த்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகள் (2,6), (6,6). இந்த இரண்டையும் சேர்த்து அதன் நடுவை எடுத்தால் (4,6). அதுதான் வளைவின் மேல் உள்ள புள்ளி. பாதிக்குப் பதிலாகக் கால் பங்கு, முக்கால் பங்கு என்று ஒவ்வொரு கோட்டிலும் எடுத்துக்கொண்டே போனால் முழு வளைவும் கிடைத்துவிடும்.

கவனித்தீர்களா? நடுவில் இருந்த இரண்டு புள்ளிகள் 8 என்ற உயரத்தில் நின்று இழுத்தன. வளைவு 6 வரை வந்தது, 8-ஐத் தொடவில்லை. முதல் புள்ளியிலும் கடைசிப் புள்ளியிலும் மட்டுமே அது நிற்கும். நடுப்புள்ளிகள் வழிகாட்டிகள். அந்தச் சிறுமி சொன்னதேதான்: தொடுவதற்கு இல்லை, எங்கே வளைய வேண்டும் என்று சொல்வதற்கு!

இன்னொன்றும் உண்டு. முதல் புள்ளியிலிருந்து கிளம்பும்போது வளைவு இரண்டாம் புள்ளியை நோக்கியே கிளம்பும். எனவே இரண்டாம் புள்ளி ஒரு கைப்பிடி மாதிரி. அதைத் திருப்பினால் வளைவு புறப்படும் திசை திரும்பும். இந்தக் கைப்பிடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையில் வில்லன் அதுதான்.

நான்கு பேர் பிடித்த போர்வை

கோட்டுக்கு நான்கு புள்ளி என்றால், மேற்பரப்புக்கு நான்குக்கு நான்கு, பதினாறு புள்ளிகள். ஓரத்தில் பன்னிரண்டு, உள்ளே நான்கு. ஒரு போர்வையை நான்கு பேர் நான்கு ஓரத்திலும் இறுக்கிப் பிடித்தாலும் அதன் நடுவயிறு தொய்யலாம், உப்பலாம் அல்லவா? அதுபோல ஓரங்களைச் சொல்லிவிட்டால் மட்டும் பரப்பைச் சொல்லியதாகாது. உள்ளே இருக்கும் அந்த நான்கு புள்ளிகளுக்கும் இடம் சொல்ல வேண்டும்.

ஒரு பரப்பை அடுத்த பரப்போடு சேர்ப்பதில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. சேர்வதில் மூன்று தரம் உண்டு. முதலாவது, ஓரமும் ஓரமும் இடைவெளி இல்லாமல் தொடுவது. ஓட்டுக்கூரையின் முகடு போல. சேர்ந்திருக்கும், ஆனால் மடிப்புத் தெரியும். இரண்டாவது, சேருமிடத்தில் திசையும் ஒன்றாக இருப்பது. இதைத் தொடுகோட்டுத் தொடர்ச்சி என்போம். தடவினால் மடிப்பு இருக்காது. மூன்றாவது, எவ்வளவு வேகமாக வளைகிறது என்பதும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பது. நேர் ரயில் பாதை திடீரென்று வட்டத்தில் நுழைந்தால், திசை மாறாவிட்டாலும் பெட்டியில் நிற்கிறவர் ஒரு குலுங்கு குலுங்குவார். அதனால்தான் ரயில்வேக்காரர்கள் இடையில் மெதுவாக இறுகும் ஒரு வளைவை வைக்கிறார்கள். பளபளக்கும் பெயிண்டில் நம் கண்ணும் அந்தக் குலுக்கலைக் கண்டுபிடித்துவிடும். ஒளிக்கோடு அந்த இடத்தில் சட்டென்று முறியும்.

இதற்கெல்லாம் விலை உண்டு. ஓரம் தொட வேண்டும் என்றால் முதல் வரிசைப் புள்ளிகள் பிடிபட்டுவிடும். திசையும் சேர வேண்டும் என்றால் இரண்டாம் வரிசையும் பிடிபடும். வளையும் வேகமும் என்றால் மூன்றாம் வரிசையும் போய்விடும். பதினாறு புள்ளிப் பரப்பில் நான்கு பக்கமும் திசை சேர வேண்டும் என்று கேட்டால் உள்ளே இருந்த நான்கும் தீர்ந்துபோகும். வடிவத்தைத் திருத்த நம் கையில் எதுவும் மிஞ்சாது. நான்கு பக்கமும் மூன்றாம் தரம் வேண்டுமென்றால் குறைந்தது ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு புள்ளிகள் தேவை. அப்போதும் நமக்கென்று மிச்சமில்லை! ஆகவே எந்த ஓரத்தில் எந்தத் தரம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கேட்க வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்குப் போலத்தான்.

கட்டுவது எப்படி?

கம்ப்யூட்டரில் வரைந்த கோடு கட்டிப்போடாத கன்றுக்குட்டி. இழுத்த பக்கம் போகும். அதற்குக் கயிறு போடுவதைத்தான் கட்டுப்பாடு என்கிறோம். "இந்தக் கோடு படுக்கையாக இருக்க வேண்டும்", "இந்த வட்டம் அந்தக் கோட்டைத் தொட்டுச் செல்ல வேண்டும்" என்று சொல்லி வைப்பது. இந்த யோசனையைத் திரையில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஐவன் சதர்லண்ட், ஆண்டு 1963.

ஒரு செவ்வகத்துக்கு நான்கு மூலைகள். ஒவ்வொன்றும் இடவலமாகவும் மேல்கீழாகவும் நகரலாம். ஆக எட்டு வழிகளில் அது ஆடும். இரண்டு கோடு படுக்கை, இரண்டு கோடு நிமிர்ந்தவை என்றால் நான்கு வழி அடைபடும். நீளமும் அகலமும் கொடுத்தால் இன்னும் இரண்டு. ஒரு மூலையை ஓரிடத்தில் நிறுத்தினால் கடைசி இரண்டும் அடைபடும். இப்போது அது ஆடாது. இதற்கு மேல் ஒரு கட்டுப்பாடு போட்டால் ஒன்று வீண், அல்லது முரண். குறைத்துக் கட்டினால் ஓடிவிடும், மிகைத்துக் கட்டினால் கயிறு அறுந்துவிடும்!

1997-ல் நடந்தது

எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் 1991-ல் வந்தது. பயிற்சிக்கு அனுப்பப்பட்ட இருவரில் நான் ஒருவன். பேட்டர்ன் ஷாப்பில் மூத்த ஆசாரியாக இருந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் வீட்டுப் பலகாரம் என் வீட்டுக்கு வரும். 1997-ல் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, பேட்டர்ன் ஷாப் இனிமேல் தேவையா என்று ஓர் அறிக்கை கேட்டார். வடிவம் முழுவதும் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது, மரவேலை தேவையில்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது அண்ணாச்சி முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனாலும் எழுதினேன்.

அதே மாதத்தில்தான் அந்த ஹெட்லைட் மூடி வந்தது. இடமும் வலமும் ஒன்றே ஆகையால் பாதியை மட்டும் வடித்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக எடுத்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்யும்போது ஒரு நியதி உண்டு. ஒவ்வொரு குறுக்கு வளைவும் நடுத்தளத்தைச் சரியாகச் செங்குத்தாகச் சந்திக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பாதியும் சேரும் நடுக்கோட்டில் முகடு விழும். நான் கைப்பிடிப் புள்ளியை மவுஸால் இழுத்து, திரையில் 90 பாகை என்று காட்டியதும் விட்டுவிட்டேன். "இது எப்போதும் செங்குத்தாக இருக்க வேண்டும்" என்ற கயிற்றை மட்டும் போடவில்லை. கண்ணுக்குச் சரியாக இருந்தது, போதாதா?

இரண்டு வாரம் கழித்து, உள்ளே விளக்கு இடிக்கிறது, மூக்குப் பக்கம் நடுக்கோட்டை 1 மில்லிமீட்டர் உயர்த்துங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டார். ஓர் எண்ணை மாற்றினேன். கம்ப்யூட்டர் சமர்த்தாக எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டது. வளைவின் முனை ஏறியது; கட்டப்படாத கைப்பிடியின் மறுமுனை இருந்த இடத்திலேயே நின்றது. 95 மில்லிமீட்டர் நீளக் கைப்பிடியின் ஒரு முனை 1 மில்லிமீட்டர் ஏறினால் சாய்வு 0.6 பாகை. பத்தாம் வகுப்பு முக்கோணவியல்! திரையில் ஒன்றும் தெரியவில்லை. திரை காட்டும் படம் சிறுசிறு தட்டை முக்கோணங்களால் ஆனது. அதன் மேல் நிழல் பூசி வழவழப்பாகக் காட்டுவார்கள். என் முகடு அந்தப் பூச்சில் மறைந்துவிட்டது.

சரிபார்ப்பதற்காகச் செயற்கை மரப் பலகையில் ஒரு மாதிரி வெட்டினோம். எஃகுக் கட்டியும் இயந்திரத்தில் ஏறி முதல் வெட்டு தொடங்கிவிட்டது. மாதிரி, பேட்டர்ன் ஷாப் மேஜையில் கிடந்தது. அண்ணாச்சி போகிற போக்கில் அதன் மேல் கையை வைத்தவர், நின்றுவிட்டார்.

"தம்பி, இங்க ஒரு மேடு இருக்கு."

"இல்லை அண்ணாச்சி, கம்ப்யூட்டரில் பார்த்தாச்சு. சுத்தமாக இருக்கு."

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாரும்."

மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியை விரித்தார். என் உள்ளங்கையை எடுத்து அதன் மேல் வைத்து, குறுக்கே மெதுவாக இழுத்தார். மூக்கிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ ஒன்று கையில் தட்டியது. அவர் மாதிரியைத் தூக்கி, எண்ணெய் தடவி, ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்தார். விளக்கின் பிம்பம் ஒரே கோடாக வந்து, நடுவில் மெல்ல ஒடிந்து, மறுபடி போயிற்று.

இருக்கைக்கு ஓடினேன். கோணத்தை அளந்தேன். 89.4. இரண்டு பாதியும் சேர்ந்து 1.2 பாகை மடிப்பு. பெயிண்ட் அடித்த பிறகு ஒவ்வொரு வண்டியின் மூக்கிலும் அது தெரிந்திருக்கும்.

அப்போது என் மனத்தில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். பாலிஷ் போடுகிறவர் தேய்த்துச் சரி செய்துவிடுவார், யாருக்கும் தெரியாது என்று ஒரு குரல். மேலாளரிடம் போனால், மரவேலை தேவையில்லை என்று எழுதிய கையின் பிழையை மரவேலைக்காரர் கண்டார் என்று சொல்ல வேண்டிவரும் என்று இன்னொரு குரல். அண்ணாச்சியிடமே திரும்பிப் போனேன். அறிக்கையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எழுதினது நீருதான்னு தெரியும் தம்பி. அது வேற, இது வேற. மேடு இருந்தா இருக்குன்னுதானே சொல்லணும்?"

அதன் பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. மேலாளரிடம் போய் இரண்டையும் சொன்னேன்: என் பிழையையும், என் அறிக்கையின் பிழையையும். நல்ல காலம், எஃகில் முதல் வெட்டுதான் நடந்திருந்தது. மேலே 1 மில்லிமீட்டர் மிச்சம் விட்டிருந்தார்கள். இயந்திரத்தை நிறுத்தி, வடிவத்தைத் திருத்தி, நிரலை மறுபடி எழுத நான்கு நாள் ஆயிற்று. இந்த முறை ஒவ்வொரு குறுக்கு வளைவுக்கும் செங்குத்துக் கயிற்றைப் போட்டேன். பிறகு நடுக்கோட்டை வேண்டுமென்றே 1, 2, 5 மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். 90 அசையவில்லை. சரியாக இருப்பது வேறு, சரியாகவே இருக்கும்படி கட்டிவைப்பது வேறு என்று அன்றுதான் விளங்கிற்று.

கதை சினிமா மாதிரி முடியவில்லை. 1998-ல் பேட்டர்ன் ஷாப்பை மூடத்தான் மூடினார்கள். அண்ணாச்சியை மட்டும் மாதிரிகளைச் சரிபார்க்கும் வேலையில் இரண்டு ஆண்டு வைத்துக்கொண்டார்கள். அவரோடு இருந்த மற்ற மூவருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அது இன்றும் என் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது. ஊர் திரும்பும்போது அண்ணாச்சி தம் இழைப்புளிகளில் ஒன்றை எனக்குத் தந்தார். என் மேஜையில் இருக்கிறது.

இளைஞர்களுக்கு

பின்னாளில் வந்த மென்பொருள்களில் வரிக்குதிரைப் பட்டை என்று ஒரு வசதி வந்தது. மேற்பரப்பின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பிரதிபலிப்பது போல் காட்டும். பட்டை விலகி நின்றால் திசை சேரவில்லை. சேர்ந்து ஒடிந்தால் வளையும் வேகம் சேரவில்லை. வழுக்கிக்கொண்டு போனால் மூன்றாம் தரமும் சரி. முதல் முறை பார்த்தபோது அண்ணாச்சியின் ட்யூப்லைட்தான் நினைவுக்கு வந்தது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று சொல். புள்ளிகளைக் குறைவாக வையுங்கள். அதிகம் வைத்தால் வளைவு நெளியும். முக்கியமானதைக் கண்ணால் பொருத்தாமல் கயிறு போட்டுக் கட்டுங்கள். கட்டியதும் எண்ணை மாற்றி ஆட்டிப் பாருங்கள். கடைசியாக, கையால் வேலை செய்கிறவர் "இங்கே ஒரு மேடு இருக்கு" என்றால், திரையைக் காட்டி வாதாடாமல் முதலில் போய்த் தொட்டுப் பாருங்கள்.

கோலப் போட்டியில் முதல் பரிசு யாருக்கு என்று கேட்கிறீர்களா? அந்தச் சிறுமிக்குத்தான் கொடுத்தேன். பாரபட்சம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். இருக்கட்டும்! மேலே சொன்ன நான்கு புள்ளிக் கணக்கைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்துக்கு வரலாம். வரைபடத் தாள் நான் கொண்டு வருகிறேன். பென்சிலை மட்டும் சீவிக்கொண்டு வாருங்கள்.